குடல் பாக்டீரியா: காசு கொடுத்து விழுங்குவதா, சோறு போட்டு வளர்ப்பதா?

தாமிரபரணிக்காரன் | திங்கள் இரவு 9.10

அப்பாவுக்கு 68 வயது. சளி முற்றி நிமோனியா என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். நெஞ்சு சரியாகிவிட்டது, வயிறு கெட்டுவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை போகிறார். மருந்துச் சீட்டின் கடைசி வரியில் ஒரு புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் இருந்தது. அதையும் விடாமல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் "நல்ல பாக்டீரியா சார்" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

அத்தை தயிர் கொடு என்கிறார். சித்தப்பா தயிரே ஆகாது, சளி திரும்பிவிடும் என்கிறார். மச்சான் அனுப்பிய வீடியோவில் ஒருவர் சர்க்கரை நோய் முதல் மனச்சோர்வு வரை எல்லாவற்றுக்கும் குடல் பாக்டீரியாதான் காரணம் என்று அடித்துப் பேசிவிட்டுக் கடைசியில் தன் பொடியை விற்கிறார். இந்த பாக்டீரியா நிஜமாகவே என்னதான் செய்கிறது? கேப்ஸ்யூலைத் தொடரலாமா, வேண்டாமா?

பழையசோறு_பாண்டி | திங்கள் இரவு 9.34

நம் தாத்தாக்கள் கேப்ஸ்யூலா வாங்கினார்கள் தம்பி? ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நம் உடம்பில் மனித செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நாம் பத்தில் ஒரு பங்குகூட மனிதன் இல்லை! நாளைக்கே அப்பாவுக்குப் பழைய சோறு ஆரம்பியுங்கள்.

ஓய்வுபெற்ற_லேப்காரர் | திங்கள் இரவு 10.20

பழைய சோற்றுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அவசரமானது. 65 வயதைத் தாண்டியவர், மருத்துவமனையில் படுத்து வந்தவர், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர், ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் சி டிஃப் என்று சுருக்கமாகச் சொல்லும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலே கிருமி (ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு குடலில் பெருகிக் கடும் பேதி தருவது) இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்துவிட வேண்டும். நாளைக் காலையே மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சலோ, வயிற்று வலியோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் காலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஓஆர்எஸ் என்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல் மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

இனி பாண்டி அண்ணனின் பத்து மடங்கு. அது 1972-ல் ஒருவர் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு. நாற்பது வருடம் எல்லோரும் அதையே எடுத்து எழுதினார்கள், நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து ஒழுங்காக எண்ணிப் பார்த்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஆளிடம் பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனித செல் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சமம்தான். அத்தனை பாக்டீரியாவும் சேர்ந்து 200 கிராம்தான் தேறும். பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது.

அந்த 200 கிராம் என்ன செய்கிறது என்றால், முதல் வேலை சமையல். நாம் சாப்பிடும் நார்ச்சத்தையும், வேகவைத்து ஆறிய சோறு, கிழங்கு, பயறு இவற்றில் உள்ள செரிக்காத மாவுச்சத்தையும் சிறுகுடலால் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று கொழுப்பமிலங்களாக மாற்றுகிறது. இதில் பியூட்டிரேட்டை மறக்காதீர்கள். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் தமக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை இதிலிருந்துதான் எடுக்கின்றன. ரத்தம் கொண்டுவரும் சர்க்கரை பக்கத்திலேயே இருந்தாலும் அவற்றுக்கு பாக்டீரியா சமைத்துப் போடும் சோறுதான் முக்கியம்.

அடுத்தது காவல், அதுவும் இதே பியூட்டிரேட்டிலிருந்துதான் வருகிறது. அந்தச் செல்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் குடலுக்குள் ஆக்சிஜன் கசிவதில்லை. நல்ல பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் ஆகாதவை, காற்று இல்லாத இடத்தில்தான் நிம்மதியாக வாழும். சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகளுக்கோ ஆக்சிஜன் கிடைத்தால் கொண்டாட்டம். ஆன்டிபயாட்டிக் போய் பியூட்டிரேட் தயாரிப்பவர்களைக் கொன்றால் சுவர்ச் செல்கள் பட்டினி கிடக்கும், ஆக்சிஜன் மிஞ்சும், உள்ளே கசியும். கதவைத் திறந்துவைத்த மாதிரி ஆகிவிடும். எலியில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். சோதிக்காமல் சத்தியம் செய்ய மாட்டேன்.

தாமிரபரணிக்காரன் | திங்கள் இரவு 10.41

காய்ச்சல் இல்லை சார், ரத்தமும் இல்லை. காலையில் முதல் வேலையாகப் போகிறோம். ஆனால் ஒன்று புரியவில்லை. ஆன்டிபயாட்டிக் கொன்றுவிட்டது என்றால், கேப்ஸ்யூலில் வருவதை விழுங்கி அந்த இடத்தை நிரப்புவது சரிதானே?

மருந்துக்கடை_மணி | செவ்வாய் காலை 6.55

அந்தக் கேப்ஸ்யூலை விற்கிறவன் நான், அதனால் நானே சொல்கிறேன். உங்கள் அட்டையின் பின்னால் உள்ள பெயர்களைப் படியுங்கள். பெரும்பாலும் லாக்டோபேசிலஸ், பைஃபிடோபாக்டீரியம், பேசிலஸ் வகைகள், இல்லாவிட்டால் சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்கிற ஈஸ்ட். ஈஸ்ட் பாக்டீரியாவே கிடையாது, அதனால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது என்பதுதான் அதன் சௌகரியம். லேப்காரர் சொன்ன பியூட்டிரேட் சமையல்காரர்களில் முக்கியமானவர் ஃபீகலிபாக்டீரியம் பிரவுஸ்னிட்சி. அவருக்குக் காற்றுப் பட்டாலே உயிர் போய்விடும். என் கடை அலமாரியில் அவர் கிடையாது. இறந்தவர் ஒருவர், அந்த இடத்துக்கு நான் விற்பவர் வேறொருவர்.

அதற்காகச் சுத்தமாகப் பயன் இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் சங்கம் 2020-ல் எல்லா ஆய்வுகளையும் அலசி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகளுக்குப் புரோபயாட்டிக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதே சி டிஃப் வராமல் தடுக்கச் சில குறிப்பிட்ட வகைகளை யோசிக்கலாம், குறைமாதக் குழந்தைகளுக்குச் சிலவற்றை யோசிக்கலாம் என்று சின்ன வாசல் மட்டும் திறந்து வைத்தார்கள். குறைமாதக் குழந்தை விஷயத்திலும் 2023-ல் ஒரு குழந்தை இறந்த பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் பரவிவிட்டது.

இன்னொன்று, இது கேப்ஸ்யூலுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எனக்குப் பிடித்த செய்தி. இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின் சிலரிடம் சரியாக வேலை செய்யாது. அவர்கள் குடலில் இருக்கும் எக்கர்தெல்லா லென்டா என்கிற பாக்டீரியா அந்த மருந்தை உடைத்துச் செயலிழக்க வைத்துவிடும். மாத்திரை ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே இன்னொரு ஆள் அதைப் பார்த்துவிடுகிறார்.

ஓய்வுபெற்ற_லேப்காரர் | செவ்வாய் காலை 8.05

மணி தன் கடை வியாபாரத்தையே கெடுத்துக்கொள்கிறாரே, வாழ்க.

அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2018-ல் அதே வைஸ்மன் நிறுவனத்தில், ஆரோக்கியமான 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் மூன்று குழு. ஒரு குழுவைச் சும்மா விட்டார்கள். ஒரு குழுவுக்குப் பதினோரு வகை பாக்டீரியா கலந்த புரோபயாட்டிக். மூன்றாவது குழுவுக்கு, மருந்துக்கு முன்னால் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அவரவர் மலத்தையே திருப்பி உள்ளே செலுத்தினார்கள். மூன்றாவது குழுவின் குடல் சில நாளில் பழைய நிலைக்கு வந்தது. சும்மா விட்டவர்களுக்குச் சில வாரம் பிடித்தது. புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் ரொம்பத் தாமதம். மாதக்கணக்கில் ஆகியும் அவர்களின் சொந்த பாக்டீரியா முழுதாகத் திரும்பவில்லை. வெளியாள் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டால் வீட்டுக்காரர் எப்படி உள்ளே வருவார்?

சின்ன ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு புரோபயாட்டிக் விஷம் என்று யாரும் வீடியோ போடாதீர்கள்.

குழந்தைகள்_வார்டு_அக்கா | செவ்வாய் மதியம் 1.15

இருபது வருடம் பச்சைக்குழந்தைகளோடு வேலை பார்த்தவள் நான். உங்கள் இருவரையும் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்படியென்றால் ஒடிசாவில் நடந்தது என்ன?

தெரியாதவர்களுக்கு: ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம் பினாகி பாணிக்ரஹி குழுவினர் செய்த சோதனை அது. 2017-ல் நேச்சர் இதழில் வந்தது. நிறைமாதம் அல்லது அதை ஒட்டிப் பிறந்து, தாய்ப்பால் குடிக்கிற, எடை 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். பாதிப் பேருக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் என்கிற பாக்டீரியாவையும், அதற்குத் தீனியாக ஒரு வகைச் சர்க்கரையையும் சேர்த்து ஏழே நாள் வாயில் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாக்டீரியா இல்லாத வெறும் போலி மருந்து. இரண்டு மாதம் கவனித்தார்கள். போலி மருந்துக் குழுவில் செப்சிஸ் (தொற்று முற்றி உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை) வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து 9 சதவீதம். பாக்டீரியா கொடுத்த குழுவில் 5.4 சதவீதம். நாற்பது சதவீதம் குறைந்திருக்கிறது. நுரையீரல் தொற்றுகூடக் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே சோதனையை நிறுத்தினார்கள்.

செப்சிஸில் ஒரு குழந்தை எவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போகும் என்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த எண்ணின் கனம் தெரியும். விழுங்கினால் பிரயோசனம் இல்லை என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள்.

ஓய்வுபெற்ற_லேப்காரர் | செவ்வாய் மாலை 4.30

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நான் அதை விட்டுவிட்டுப் பேசியது தவறு.

என் புரிதல் இது. பிறந்த குழந்தையின் குடல் உழுது போட்ட வயல். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் வேர் பிடிப்பார்கள். பெரியவர்களின் குடல் காடு. மரம் நிற்கிற காட்டில் கைப்பிடி விதையைத் தூவினால் ஒன்றும் முளைக்காது. ஆன்டிபயாட்டிக் தீ வைத்த பிறகும் அங்கே வேர்களும் விதைகளும் மண்ணுக்கடியில் மிச்சம் இருக்கும். அவை துளிர்க்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒடிசாவில் பாக்டீரியாவைத் தனியாகக் கொடுக்கவில்லை, தீனியோடு கொடுத்தார்கள். தாய்ப்பாலும் அதையேதான் செய்கிறது. பாலில் லாக்டோஸும் கொழுப்பும் போக மூன்றாவதாக அதிகம் இருப்பது குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு கூட்டுச் சர்க்கரைத் தொகுதி. குழந்தைக்கு உதவாத சத்தை ஒரு தாயின் உடம்பு எதற்கு மெனக்கெட்டுத் தயாரிக்க வேண்டும்? அது பைஃபிடோபாக்டீரியத்துக்கான சாப்பாடு. தாய் ஒரே மடியில் இரண்டு பேருக்குப் பால் கொடுக்கிறாள்.

பாலாற்றங்கரை | செவ்வாய் மாலை 6.10

தீனி என்று வந்ததால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். இது ஏன் இன்னும் வீட்டுக்கு வீடு தெரியவில்லை என்பது எனக்குப் பல வருட ஆதங்கம்.

காலராவில் ஓஆர்எஸ் உயிரைக் காப்பாற்றும், ஆனால் பேதியை நிறுத்தாது. அதில் உள்ள குளுக்கோஸ் சிறுகுடலில் உப்பையும் தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உடம்புக்குள் போகும். சிறுகுடலிலேயே வேலை முடிந்துவிடும். பெருங்குடல் சும்மா கிடக்கும். தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் தண்ணீரை உறிஞ்சக்கூடிய உறுப்பு அது!

வேலூர் சிஎம்சியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் யோசித்தது இதைத்தான். பெருங்குடல் தண்ணீரை இழுக்க வேண்டுமானால் அங்கே கொழுப்பமிலம் வேண்டும். கொழுப்பமிலம் செய்ய அங்கே பாக்டீரியா இருக்கிறது. பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும், சிறுகுடலில் செரித்துவிடாமல் கீழே போய்ச் சேருகிற தீனி. செரிக்காத மாவுச்சத்து நிறைந்த ஒரு வகை மக்காச்சோள மாவை எடுத்தார்கள். காலரா வந்த 48 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓஆர்எஸ், ஒன்றுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, ஒன்றுக்கு 50 கிராம் அந்தச் சோள மாவு சேர்த்தது. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம். சோள மாவு குடித்தவர்களுக்குச் சுமார் 57. 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

கவனித்தீர்களா, அங்கே யாருக்கும் ஒரு பாக்டீரியாகூடக் கொடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவுதான். காலரா நடுவிலும் அவர்கள் வேலை செய்தார்கள்.

பழையசோறு_பாண்டி | செவ்வாய் மாலை 6.22

அப்போ ஆறிய சோறு! சொன்னேனா இல்லையா!

ஓய்வுபெற்ற_லேப்காரர் | செவ்வாய் மாலை 7.00

பாதி சொன்னீர்கள் அண்ணே. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி கெட்டிப்பட்டுச் செரிக்காத வகையாகிறது, நிஜம். இரவெல்லாம் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது, அதுவும் நிஜம். ஆனால் நோயிலிருந்து எழுந்த 68 வயதுக்காரருக்கு, எந்தத் தண்ணீரில் எவ்வளவு வெயிலில் ஊறியது என்று தெரியாத சோற்றை இந்த வாரம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். பேதி நிற்கட்டும்.

இட்லிப் பிரியர்கள் வருவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான், ஆனால் ஆவியில் வெந்ததும் அவர்கள் கதை முடிந்தது. இட்லியில் உயிரோடு யாரும் இல்லை.

எலிக்கு_நன்றி | செவ்வாய் இரவு 9.48

நான் எப்போதும் போல எதிர்க்கட்சி. குடல் பாக்டீரியா பற்றிய செய்திகளில் பாதி எலிச் செய்தி. குண்டு எலியின் பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குள் செலுத்தினால் அதற்குக் கொழுப்புக் கூடுகிறது என்று 2006-ல் வந்ததும் உலகமே குதித்தது. மனிதனில் எடை குறைக்க அதைப் பயன்படுத்தலாம் என்று கிளம்பியவர்கள் அவ்வளவு சுலபமாக ஊர் போய்ச் சேரவில்லை. மனச்சோர்வு, ஆட்டிசம் எல்லாம் இன்னும் மோசம். நோயாளியின் குடலில் வேறு பாக்டீரியா இருக்கிறது என்பார்கள். நோயாளி சாப்பிடுவதும் வேறாகத்தானே இருக்கும்? எது காரணம், எது விளைவு?

ஆனால் பாலாற்றங்கரை சொன்ன மாதிரி ஆய்வு எனக்குப் பிடிக்கும். மனிதனில் செய்தது, எதிர்க்குழு வைத்தது, மணிக்கணக்கில் அளந்தது. அதே ஜாதியில் இன்னொன்று டாக்காவின் மீர்பூர் குடிசைப் பகுதியில் நடந்தது. அமெரிக்கக் குடல் பாக்டீரியா ஆய்வாளர் ஜெஃப்ரி கோர்டனும் டாக்காவைச் சேர்ந்த தஹ்மீத் அகமதும் சேர்ந்து செய்தது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் குடல் பாக்டீரியா வயசுக்கு ஏற்றபடி முதிராமல் கைக்குழந்தை நிலையிலேயே நின்றுவிடுகிறது என்று முதலில் கண்டார்கள். அதை முதிர வைக்கிற மாதிரி கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் வைத்து ஒரு கூழ். ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்து, வழக்கமான சத்துணவோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். கூழில் கலோரி குறைவு. ஆனாலும் எடை ஏறும் வேகம் அதில்தான் அதிகம். கலோரி கணக்கு மட்டுமே பார்த்து வளர்ந்த என் மாதிரி ஆட்களுக்கு இது கொஞ்சம் உறைத்தது.

மருந்துக்கடை_மணி | செவ்வாய் இரவு 10.15

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள். நல்ல பாக்டீரியா ஆளைக் காப்பாற்றும் என்பதற்கு என்னிடம் இருக்கும் வலுவான ஆதாரம் மலம்தான். திரும்பத் திரும்ப வரும் சி டிஃப்புக்கு நெதர்லாந்தில் 2013-ல் செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமானவர் தானம் தந்த மலத்தைக் கரைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் இறக்கினார்கள். 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணம். வான்கோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்த 13 பேரில் நாலு பேர்தான். சீனாவில் நாலாம் நூற்றாண்டிலேயே கே ஹோங் என்பவர் கடும் பேதிக்கு இதே வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார். இப்போது அமெரிக்காவில் கேப்ஸ்யூலாகவே அனுமதித்துவிட்டார்கள்.

கேப்ஸ்யூல் வாங்கி இடத்தை நிரப்ப முடியுமா என்று தம்பி கேட்டாரே. முழுக் காட்டையும் பெயர்த்துக் கொண்டுவந்தால் முடியும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். சரியாகச் சோதிக்காத தானத்தால் மருந்துக்கு அடங்காத ஈ கோலை பாக்டீரியா தொற்றி ஒருவர் இறந்ததை 2019-ல் எஃப்டிஏ அறிவித்தது.

தாமிரபரணிக்காரன் | அடுத்த திங்கள் இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. சி டிஃப் இல்லை என்று வந்துவிட்டது. மருத்துவர் கேப்ஸ்யூலை நிறுத்தினாலும் பாதகமில்லை என்றார், நிறுத்திவிட்டோம். முதல் மூன்று நாள் கஞ்சி, வாழைக்காய், மோர். அப்புறம் பாசிப்பயறு. நேற்றிலிருந்து ஒரு தடவைதான் போகிறார். எலிக்கு நன்றி அண்ணன் "எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் நின்றிருக்கும்" என்று எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். இருக்கலாம்.

இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "38 லட்சம் கோடிப் பேர் குடியிருக்கிறான், ஒருத்தனும் வாடகை தரவில்லை என்று நினைத்தேன்" என்றார். இப்போது தினமும் கொள்ளு வேண்டும் என்கிறார். அம்மாதான் முகம் சுளிக்கிறார், வாயு.

ஓய்வுபெற்ற_லேப்காரர் | அடுத்த திங்கள் இரவு 8.52

அந்த வாயுவும் அவர்கள் சமைக்கும்போது வருகிற புகைதான். அம்மாவிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் கிண்ணம் நிறையக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் ரசத்தில் இரண்டு ஸ்பூன், அடுத்த வாரம் சுண்டல்.